நான் அனுப்பிய பயமும் ஆண்டவர் அனுப்பிய மிஸியும்

கோவிட் வந்த இரண்டாம் வருடம். ஜூன் மாதம். எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. என் கணவர் ஒரே ஒரு தடவை தும்மினார் என்பதற்காக அவரை மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். நான்காம் நாள்தான் கேட்டார்.

"நான் என்ன கிருமியா ரூபி?"

அதற்கும் நான் கதவைத் திறக்கவில்லை.

கர்த்தருக்குள் என்னோடு நடக்கிற சகோதர சகோதரிகளே, திகாம் பத்துவிலிருந்து ரூபி எழுதுகிறேன். சபையில் சாட்சி சொல்லும்படி பாஸ்டரம்மா மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் தலையைக் குனிந்துகொண்டேன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் வாய் வரவில்லை. எழுதினால் முடியும் என்று தோன்றியது.

எனக்கும் அருளுக்கும் கல்யாணமாகி அப்போது எட்டு வருடம். அதற்குள் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்திருந்தேன். ஒன்று மூன்றாம் மாதம். இன்னொன்று ஐந்தாம் மாதம். மூன்றாவதாக இந்தப் பிள்ளை தங்கியபோது எனக்கு முப்பத்தைந்து வயது. இனி எனக்கு இன்னொரு தடவை வாய்க்காது என்று மனதில் எழுதி வைத்துவிட்டேன். எப்படியாவது இதைக் காப்பாற்ற வேண்டும். அந்த நினைப்பு முதலில் ஜெபமாகத்தான் இருந்தது. எப்போது அது பயமாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போவதை நிறுத்தினேன். காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கை கழுவிக் கழுவி விரல் இடுக்கில் தோல் வெடித்து ரத்தம் வந்தது. அருள் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தினமும் நாலு தோட்டம், இரண்டு ஆலை என்று சுற்றி வருகிறவர். அவர் வீட்டுக்கு வந்தால் வெளிக்குழாயில் குளித்து, உடுப்பை அங்கேயே போட்டுவிட்டு, முன்னறையில் படுக்க வேண்டும். என் அறைப் பக்கம் வரக்கூடாது. சாயங்காலம் தொலைக்காட்சியில் எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் போனார்கள் என்று சொல்வார்கள். அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. பார்த்தால் தூங்கவும் முடியாது. செத்தவர்களில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று கைத்தொலைபேசியில் தேடுவேன். தேடினால் கிடைக்காமலா போகும்?

ஜெபம் செய்ய உட்கார்ந்தால் "ஆண்டவரே" என்று சொல்வேன். அடுத்த வார்த்தை வராது. குழாய்ப் பிடியைக் கழுவினேனா என்ற நினைப்பு வந்துவிடும். எழுந்து போய்க் கழுவுவேன். சபை பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கைத்தொலைபேசியில் நடக்கும். பாஸ்டர் பேசுவது காதில் விழும், உள்ளே இறங்காது.

கிளினிக்கில் மாதப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் போகவில்லை. அடுத்துக் கொடுத்த நாளையும் விட்டேன். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். திட்டுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வரச்சொல்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம்.

அந்த நாட்களில் நான் ஆசையோடு பேசிய ஒரே ஆள் கலா. கூலிமில் ஒரே எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். என்னைவிட ஏழு வயது சின்னவள். பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், கணவர் முருகனோடு இருந்தாள். முருகன் அங்கேயே ஜாகா வேலை, காவல் பார்ப்பவர். அவர்கள் மாரியம்மன் கோயில் குடும்பம். நான் கிறிஸ்தவள். அது எங்களுக்குள் ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரு வாரம் வித்தியாசத்தில் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். தினமும் காலையில் குரல் பதிவு அனுப்புவாள்.

"அக்கா, உங்க ஆளு எழுந்திரிச்சாச்சா? இங்க ஒருத்தன் விடியறதுக்கு முன்னியே உதைக்கிறான்லா."

அவள் கர்ப்பத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பயமில்லையா என்று கேட்டால் சிரிப்பாள். ஜூன் கடைசியில் அவளுக்குத் தடுப்பூசிக்கு நாள் வந்தது. எனக்கும் வந்தது. நான் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினாள். யாரோ ஒரு பெண் அழுகிறாள். ஊசி போட்டாளாம், இரண்டாம் நாள் பிள்ளைக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டதாம். பெயர் இல்லை. ஊர் இல்லை. தெரிந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் அனுப்புங்கள் என்று கடைசியில் ஒரு வரி. நான் அதை ஐந்து தடவை கேட்டேன். ஐந்து தடவையும் அழுதேன். பிறகு கலாவுக்கு அனுப்பினேன்.

அனுப்பியதோடு விடவில்லை. கீழே இப்படி எழுதினேன்: "கலா, போகாதே. ஆண்டவர் எனக்கு உணர்த்துகிறார்."

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்கு ஒன்றுமே உணர்த்தவில்லை. ஒரு மாதமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள் நான். என் பயத்துக்கு அவருடைய பெயரைப் போட்டு அனுப்பினேன். இதைத்தான் என்னால் சபையில் சொல்ல முடியவில்லை.

கலாவின் பதில் உடனே வந்தது. "சரிக்கா. நீங்க சொன்னா நான் போவல."

ஜூலை பாதியில் ஃபேக்டரியில் நோய் நுழைந்தது. கலா இருந்த வரிசையில் பாதிப் பேருக்கு வந்தது. ஒருநாள் காலை அவளுடைய பதிவு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நண்பகலில் முருகன் கூப்பிட்டார்.

"அக்கா, அவளுக்கு மூச்சு விட முடியலக்கா. நேத்து ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு. இன்னிக்குக் காலைல வயித்தைக் கிழிச்சுப் புள்ளய எடுத்துட்டாங்க. ஆம்பளப் புள்ள. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்களாம், நான் இன்னும் பார்க்கல. அவள மருந்து போட்டுத் தூங்க வச்சு வாயில குழாய் விட்டிருக்காங்க. எழுந்திரிப்பாளான்னு டாக்டரு சொல்ல மாட்றாரு. நீங்க ஜெபம் பண்றவங்க. அவளுக்காகக் கொஞ்சம் பண்ணுங்கக்கா. அவ உங்கள ரொம்ப நம்புவா."

நான் "சரி தம்பி" என்றேன். அவருக்கு எதுவும் தெரியாது. அவர் என்னிடம் போய் ஜெபம் கேட்கிறார்.

அடுப்படிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடக்கும். முழங்கால் போட முடியவில்லை, வயிறு இடித்தது. அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மாதமாக வராத வார்த்தைகள் அப்போது வந்தன. முதலில் வந்தது ஜெபமே இல்லை. என்ன செய்தேன் என்பதை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். உம்முடைய பெயரைப் பொய்யாகச் சொன்னேன் என்றேன். என் பிள்ளையை எடுத்துக்கொண்டு அவளை விடும் என்று கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. மனதில் இல்லாததை அவர் முன்னால் சொல்லவும் துணிவில்லை.

கடைசியில் இதைத்தான் கேட்டேன். "ஆண்டவரே, அவளும் வேணும், என் புள்ளயும் வேணும். எனக்கு வேற கேக்கத் தெரியல. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதச் சொன்னாலும் இனிமே செய்றேன்."

வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மனம்கூட லேசாகவில்லை. தலைவலியோடுதான் எழுந்தேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. முகக் கவசம், கையுறை, முகத்துக்கு முன் கண்ணாடித் தகடு. கிளினிக் மிஸி. இங்கே நாங்கள் நர்ஸை மிஸி என்றுதான் சொல்வோம். தேவகி என்று பெயர். ஐம்பது வயதை ஒட்டியவர். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சத்தமாகக் கூப்பிட்டார்.

"ரூபி! நீ உள்ளதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். கதவைத் திறக்க வேணாம். ஜன்னல் பக்கம் வா, போதும்."

திரையை விலக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"எத்தன தடவ போன் போட்டேன் தெரியுமா? சரி விடு. கால மேல தூக்கிக் காட்டு பார்ப்போம்."

நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலைக் காட்டினேன். வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். கர்ப்பத்தில் எல்லோருக்கும் வீங்கும் என்று நினைத்திருந்தேன்.

"தல வலிக்குதா?"

"நாலு நாளா வலிக்குது மிஸி."

"கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கா?"

இருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். மிஸி கேட்டைத் திறந்து ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"கைய மட்டும் கம்பிக்கு வெளிய நீட்டு."

நீட்டினேன். ஒரு மாதத்துக்கு மேலாக என்னை யாரும் தொடவில்லை. கையுறை போட்ட அந்தக் கை என் முழங்கையைப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவர் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, என் விரல்களைப் பிடித்தபடியே சொன்னார்.

"ரூபி, கேளு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு இல்ல, மத்தியானத்துக்கு இல்ல, இப்ப. இது ரொம்ப ஏறியிருக்கு. இப்படியே விட்டா உனக்கு வலிப்பு வரும், புள்ளயும் தங்காது."

ஆஸ்பத்திரி. நோய் இருக்கிற இடம். நான் இத்தனை நாள் எதிலிருந்து ஒளிந்தேனோ அதற்குள்ளேயே போகச் சொல்கிறார். மிஸி, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல்நாள் முக்காலியில் உட்கார்ந்து நான் சொன்னது நினைவு வந்தது. எதச் சொன்னாலும் செய்றேன் என்றேனே. ஆண்டவர் சொல்லிவிட்டார். ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

"போறேன் மிஸி" என்றேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் வெயிலில் வாசலிலேயே நின்றார். அருளுக்கு அவர்தான் போன் போட்டார். அருள் லோரியோடு வந்து சாலை ஓரத்தில் நிறுத்தினார். ஆம்புலன்ஸில் ஏறும்போது என் அருகில் வரத் தயங்கித் தள்ளி நின்றார். நான்தான் அவரைத் தள்ளி நிற்கப் பழக்கினேன். "வாங்க" என்றேன். அவர் வந்து என் தலையில் கை வைத்தார். லோரி எண்ணெய் வாடை அடித்தது. அந்த வாடை அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். எனக்கு நோய் இல்லை. ஆனால் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் மோசமாக இருந்தன. பிள்ளை வயதுக்கேற்ற எடை இல்லாமல் சிறுத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்திருந்தால் இரண்டு உயிரும் சந்தேகம் என்றார் டாக்டர். நோய்க்குப் பயந்து வீட்டில் அடைந்துகிடந்த எனக்கு, வீட்டுக்குள்ளேயே வேறொரு சாவு வளர்ந்துகொண்டிருந்தது.

அங்கேயே தங்க வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமினால் போர்வையை முகத்தில் இழுத்துக்கொள்வேன். இளம் பெண் டாக்டர் ஒருவர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தடுப்பூசியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நான் அந்தக் குரல் பதிவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைக் குறையும் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் வயிற்றில் கை வைத்தபடி ஒவ்வோர் உதையையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கலா போட்டிருந்தால் அவளுக்கு வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுமா. இவ்வளவு மோசமாகாம இருந்திருக்கலாம்" என்றார். அந்த "இருந்திருக்கலாம்" என்ற வார்த்தை என்னைவிட்டு இன்றும் போகவில்லை.

கலாவும் அதே ஆஸ்பத்திரியில் வேறொரு கட்டிடத்தில்தான் இருந்தாள். ஜன்னலிலிருந்து அந்தக் கூரை தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஜெபித்தேன். பெரிய வார்த்தைகள் இல்லை. "அவள எழுப்புங்க. என்னை மன்னிங்க." இவ்வளவுதான். முருகன் தினமும் ஒரு செய்தி அனுப்புவார். அப்படியேதான் இருக்கா அக்கா. அப்படியேதான் இருக்கா அக்கா. ஒருநாள், இன்னிக்கு மோசம் அக்கா.

இருபத்திரண்டாம் நாள் அவர் எழுதவில்லை. கூப்பிட்டார்.

"கண்ணு முழிச்சிட்டாக்கா! பேச முடியல. விரல அசைச்சா!"

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாய்விட்டு "ஸ்தோத்திரம்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். அவளும் தன் முறைப்படி கையேந்தி நன்றி சொன்னாள்.

ஆகஸ்ட் கடைசியில் என் மகளை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். இரண்டு கிலோகூட இல்லை. ஆனால் அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். கிருபா என்று பெயர் வைத்தோம்.

இத்தோடு சாட்சியை முடித்துவிடலாம். பலர் இந்த இடத்தில்தான் முடிப்பார்கள். ஆனால் எனக்கு முடியவில்லை. கலாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

நவம்பரில் போனேன். லயத்து வாசலில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். முடி கொட்டியிருந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. பிள்ளை உள்ளே தூங்கினான். நான் உட்கார்ந்தவுடனே சொல்லிவிட்டேன். தாமதித்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"கலா, ஆண்டவரு எனக்கு ஒண்ணுமே சொல்லலடி. நான்தான் பயத்துல அப்படி எழுதினேன். என்னாலதான் நீ இப்படி ஆயிட்ட."

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்விட வேண்டும் என்று நினைக்கிறாள்போல என்று எழுந்தேன். அவள் கைத்தொலைபேசியோடு திரும்பி வந்தாள்.

"உக்காருங்கக்கா. எனக்கு உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா இதப் பாருங்க. நீங்க அனுப்புனத நானும் அனுப்புனேன். எங்க ஃபேக்டரி பஸ்ல வர்ற ஆறு பேருக்கு. எல்லாம் வாயும் வயிறுமா இருந்தவங்க. உங்க பேர வேற போட்டேன், ஜெபம் பண்ற அக்கா சொன்னாங்கன்னு."

அன்று மத்தியானம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். ஐந்து பேர் எடுத்தார்கள். மூன்று பேர் பிறகு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் நோய் வந்து தப்பியிருந்தார்கள். எல்லோரிடமும் அந்தப் பதிவு பொய்யாக இருக்கலாம், நாங்கள் விசாரிக்காமல் அனுப்பிவிட்டோம் என்று சொன்னோம். ஒருத்தி எங்களைத் திட்டினாள். வாங்கிக்கொண்டோம். ஆறாவது, புனிதா என்கிற பெண். அவள் எண்ணுக்குக் கூப்பிட்டபோது ஒரு வயதான பெண் எடுத்தார்.

"புனிதா இல்லம்மா. செப்டம்பர்ல போயிட்டா. அந்த நோய்தான். நான் அவ மாமியாரு. புள்ளைய நான்தான் வச்சிருக்கேன்."

கலா தொலைபேசியை மடியில் வைத்தாள். எங்கள் இருவருக்கும் அழக்கூட வரவில்லை. அவள்தான் சொன்னாள். "அக்கா, உங்க சாமிகிட்ட எதாவது சொல்லுங்க." அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

ஊசி போட்டிருந்தால் புனிதா இருந்திருப்பாளா? தெரியாது. எங்கள் செய்தியை அவள் நம்பினாளா என்பதும் தெரியாது. எனக்கு ஏன் மிஸியை அனுப்பினீர், அவளுக்கு ஏன் அனுப்பவில்லை என்று ஆண்டவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வராவிட்டாலும் கேட்பதை நான் விடவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் கலாவும் புனிதாவின் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். ஏன் வருகிறோம் என்பதை அந்த அம்மாவிடம் போன வருடம்தான் சொல்ல முடிந்தது. "இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார். நாங்கள் எழுந்துவிட்டோம். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னார். "அடுத்த மாசம் வரும்போது புள்ளைக்குக் காலணி அளவு பார்த்து வாங்கிட்டு வாங்க. பழசு கடிக்குது."

கிருபா இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். கலாவுக்கு இன்னும் படி ஏறினால் மூச்சு வாங்கும். அவள் மகன் நன்றாக ஓடுகிறான். கேட்ட இரண்டையும் ஆண்டவர் எனக்குக் கொடுத்தார். தகுதி பார்த்துக் கொடுக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நன்றியும் நடுக்கமும் சேர்ந்தே வருகின்றன.

ஒவ்வொரு புதன்கிழமையும் தேவகி மிஸியின் கிளினிக்கில், கர்ப்பிணிகள் உட்காரும் பெஞ்சில் நானும் போய் உட்காருகிறேன். சம்பளமில்லை, பதவியுமில்லை. பயந்துபோய் வருகிற ஒரு பெண்ணாவது எப்படியும் இருப்பாள். பயப்படாதே என்று அவளிடம் நான் சொல்வதில்லை. அந்த வார்த்தையால் எனக்கு எந்த நன்மையும் வந்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அவள் பெயர் கூப்பிடும்வரை கூட இருக்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, உன் வயிற்றில் பிள்ளையும் மனதில் பயமும் இருந்தால், அந்தப் பயத்தை அப்படியே ஆண்டவரிடம் கொண்டுபோ. அழகான வார்த்தை தேடாதே. என்ன செய்யட்டும் என்று கேள். அவர் அனுப்புகிற ஆள் மோட்டார் சைக்கிளில் வரலாம், உனக்குப் பிடிக்காத இடத்துக்குப் போகச் சொல்லலாம். போ. தனியாகப் போக முடியாது என்றால் புதன்கிழமை வா. நான் பெஞ்சில் இருப்பேன்.